ஹெலனின் சனிக்கிழமை

சனிக்கிழமை காலை நாஷ்டா தட்டை ஹெலன் கழுவி வைப்பதற்குள், மாமியார் ரோசம்மாள் வாசல் கதவைத் திறந்து, "வா அஞ்சம்மா... ஹெலன் ஊட்லதான் கீறா, குந்து" என்று அழைத்துவிட்டாள்.

ஆரம்பாக்கத்தில் அந்த வீட்டுக்கு ஒரு பேர் இருந்தது. மனம் நொந்து வந்தவரை அந்த வாசல் திருப்பி அனுப்பியதில்லை. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் வாரமெல்லாம் மனநல ஆலோசகராக உட்கார்ந்துவிட்டு வரும் மருமகள், லீவு நாளிலும் ஊரார் கண்ணீரைக் கேட்டாள். மாமனார் இம்மானுவேலுக்கு அதில் தனிப் பெருமை.

ஹெலன் தோள்பையை மாட்டினாள். "அத்த, நான் திருவள்ளூர் போகணும்... சொல்லியிருந்தேனே."

இம்மானுவேல் எழுந்தார். "அங்க இன்னா வேலைன்னு தெரியும்மா! மனநல டாக்டர் ரூமுலேர்ந்து நீ கண்ணத் தொடச்சிக்கினு வந்தத அந்தோணி பாத்திருக்கான். ஊருக்கே புத்தி சொல்றவளுக்குப் புத்தி சரியில்லயான்னு டீக்கடையில கேக்குறான்! இந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒரு பேரா?"

ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். "உனக்கு நாங்க இன்னா கொற வச்சோம்மா!"

முன்பானால் ஹெலன் பையைக் கழற்றியிருப்பாள். இன்று கழற்றவில்லை.

"கொறை இல்ல அத்த... புள்ளயப் பறிகொடுத்த ஒரு அம்மா. யாருன்னு கேக்காதீங்க. என் எதிர்ல அழுதாங்க. எனக்கு ஒண்ணுமே உறைக்கல. எப்ப எழுந்து போவாங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்!" நிமிர்ந்தே நின்றாள். "அன்னிக்குப் பயந்துட்டேன். அதான் நர்மதா டாக்டராண்ட போய்ப் பேசுறேன், அழறேன். என் மனச நான் பாத்துக்கலைன்னா இந்த வேலைய செய்யவே கூடாது. மாமா, நீங்க இரும்பு உருக்குற ஃபர்னஸ்ல வேல பாத்தவரு. மாத்து ஆள் வராம அந்த அனல்லயே ஷிஃப்ட் முழுக்க நின்னீங்களா?"

"நின்னா செத்துடுவோம்!"

"வெளிய வந்து மூச்சு வாங்கினவன யாராச்சும் கேவலமா பேசினாங்களா?"

இம்மானுவேல் முன்கைத் தழும்பைத் தடவினார். மாற்று ஆள் வராத ஒரு நாள், வீம்புக்கு நின்று வாங்கிய தீக்காயம் அது.

ஹெலன் திரும்பினாள். "அஞ்சம்மாக்கா, இன்னிக்கே பேசியாகணுமா?"

"இல்லடியம்மா! எம்மருமவ பண்ற பேஜாரு திங்கக்கெழமைக்குள்ள எங்க ஓடிடப் போவுது?"

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போ," என்றார் இம்மானுவேல். "இனிமே ஊட்ல கெடயாது. நான் சொன்னேன்னு எல்லாராண்டயும் சொல்லு."

ரோசம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "எங்க கையாலயே உன்ன வாட்டிட்டோமே..."

வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு இம்மானுவேல் வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்குவழி இருந்தும் டீக்கடைப் பக்கமாகவே ஹெலனை அழைத்துப் போனார். பெஞ்சில் அந்தோணி இருந்தான்.

"எம்மருமவ டாக்டரப் பாக்கப் போறா," என்றார் உரக்க. "வாராவாரம் போவா. உனக்கு இன்னா?"

அந்தோணி டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஹெலனின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கிழவர் முன்னால் நடந்தார்.