காலிக் கொக்கிகள்

நான்காம் எண் கொக்கியில் சாவி இல்லை.

வெர்னா கையிலிருந்த காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள். வாசல் கதவை ஒட்டிய சுவரில் அந்தச் சாவிப் பலகை தொங்கியது. கருத்த மரம், பன்னிரண்டு பித்தளைக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை எனாமலில் ஓர் எண், ஒவ்வொன்றிலும் பச்சை நிற வைர வடிவ வில்லை கோத்த ஒரு சாவி. நேற்று மாலை தூசி தட்டியபோது ஆறாம் எண்ணைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. ஆறு இல்லாததற்குக் காரணம் உண்டு. நான்கு இல்லாததற்கு ஒரு காரணமும் இல்லை.

நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில், குளிர்காலம் பிடித்துக்கொண்டால் மனிதர்களுக்கு எதையாவது சேர்த்தாக வேண்டும். மேலத் தெரு வாசி ஒருவர் முள்கம்பித் துண்டுகளைச் சேர்த்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார். தேவாலயத்தில் பியானோ வாசிக்கிறவளிடம் உப்புக் குடுவைகள் மட்டுமே ஓர் அலமாரி நிறைய. ஆயுள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னாவுக்கு மோட்டல் சாவிகள். அட்டையைச் செருகினால் கதவு திறக்கிற காலத்துக்கு முந்திய, கையில் கனக்கிற, சட்டைப் பையைக் கிழிக்கிற நிஜச் சாவிகள்.

அதிலும் இந்தப் பலகை அவளுக்கு உயிர். புது நெடுஞ்சாலை வந்து ஆள் நடமாட்டம் செத்துப்போன பிளம் ஹாலோ மோட்டலை இடித்தபோது, பலகையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். சாவிகள் எப்போதோ தங்கியவர்களின் பைகளில் ஏறி நாலா திசைக்கும் போயிருந்தன. சந்தை சந்தையாக அலைந்து ஒவ்வொன்றாகப் பிடித்து, போன வசந்தத்தில்தான் பன்னிரண்டையும் முடித்தாள். வில்லையின் முன்பக்கம் அறை எண். பின்பக்கம், 'மறந்து எடுத்துச் சென்றுவிட்டீர்களா? ஏதாவது ஒரு தபால் பெட்டியில் போடுங்கள், தபால் செலவு எங்களுடையது' என்ற வாசகமும் அதன் கீழே மோட்டலின் முகவரியும். சாவி சேர்க்கிறவர்கள் அந்தப் பழைய முகவரியின் மேல் தங்கள் முகவரியை ஒட்டிவிடுவார்கள். சந்தையில் தவறினாலும் பொருள் வீடு வந்து சேருமே என்ற முன்யோசனை. வெர்னாவும் பன்னிரண்டிலும் தன் வீட்டு முகவரியைப் பொறுமையாக எழுதி ஒட்டியிருந்தாள். எல்லாரும் செய்வதுதான்.

"லொரெட்டா," என்று கூப்பிட்டாள். "நாலாம் நம்பர் சாவிய எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? என்கிட்ட ஆறுதான் இருக்கு."

லொரெட்டா தங்கை. புருஷனோடு ஒத்துவராமல், இலையுதிர் காலத்தில் இரண்டு பெட்டியோடு வந்து நின்றாள். வெர்னாவுக்கு இந்த உலகத்தில் ரத்தச் சொந்தம் என்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். தையல் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அழுது வீங்கிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், பலகையிலிருந்து ஆறாம் எண் சாவியை எடுத்து நீட்டினாள்.

"ரூம் நம்பர் ஆறு, மேடம். கொக்கி காலியா இருந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். சாவி தொங்குனா காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். அதனால போற வரைக்கும் நீங்களே வச்சுக்குங்க."

"துண்டாவது சுத்தமா இருக்குமா?"

"கேட்டா இன்னொண்ணு தருவோம்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சாவி அன்றிலிருந்து லொரெட்டாவின் கைப்பையில்தான் கிடந்தது.

நான்காம் எண் சாவி திரும்பி வந்தது தபாலில். தபால்காரர் லைல் படியேறி வந்து கையில் கொடுத்தார்.

"உறை கூட இல்லாம வெறுஞ்சாவியா வந்திருக்கு. உங்க விலாசம் ஒட்டியிருக்கவே தப்பிச்சுச்சு. ஓட்டல் ஏதும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆமா, உங்களுக்கும் ஒரு ரூம் போட்டு வச்சிருக்கேன்," என்றாள் வெர்னா. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வில்லை வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே மூச்சு விட்டால் உறையும் குளிர். லைலின் பையில் அத்தனை நேரம் கிடந்த பொருள், யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து அப்போதுதான் விட்டதுபோலச் சூடாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். மோட்டல் குளியலறையில் வைக்கிற, காகிதம் சுற்றிய குட்டிச் சோப்பின் வாசனை, அதற்கடியில் பழைய சிகரெட் நாற்றம்.

லொரெட்டா ஒரு காலத்தில் ரயில் எஞ்சின் மாதிரி புகைத்தவள். விட்டு வருஷக்கணக்காகிறது என்று சொல்லிக்கொள்கிறாள். சொல்லிக்கொள்வது வேறு, விடுவது வேறு.

சாவியைக் கொக்கியில் மாட்டினாள். மறுநாள் ஒன்பது இல்லை. அது தபாலில் வருவதற்குள் இரண்டாம் எண்ணைக் காணோம்.

அதன்பிறகு வெர்னா வீட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நடமாட ஆரம்பித்தாள். நாலரை மணிக்கே வெளிச்சம் வடிந்துபோகிற அந்த நாட்களில், அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது, நடைக்கு அப்பாலிருந்து தணித்து வைத்த தொலைக்காட்சியின் முணுமுணுப்பு வரும், கட்டில் சுருள்கம்பி ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கும், குழாயைத் திறந்து மூடினால் சுவருக்குள் ஓடுகிற அந்தச் சீறல் கேட்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டலில் தங்குகிறவர்கள் அறைக்கு ஐஸ் நிரப்பிக்கொள்வதுபோல, பனிக்கட்டிகள் ஒரு வாளிக்குள் கலகலவென்று விழும் சத்தம். கொட்டும் பனியில் எவளுக்குடி ஐஸ் வேண்டும்? போய்ப் பார்த்தால் லொரெட்டா வேலைக்குப் போயிருப்பாள், இல்லையென்றால் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பாள். யாரும் படுக்காத பின்னறைக் கட்டிலில் ஆள் படுத்த பள்ளம். தொட்டால் சூடு. குளியலறையில் ஈரத் துண்டுகள் தரையில் சுருண்டு கிடந்தன. அலமாரியில் மடித்து வைத்த துண்டுகள் நாளுக்கு நாள் குறைந்தன.

யோசித்தாள். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்? லொரெட்டா பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சலவை வேலைக்குப் போகிறாள், சலவைப் பெட்டி சுட்ட தழும்புகூட மணிக்கட்டில் இருக்கிறது. போகிற வழியெல்லாம் தபால் பெட்டி. வந்த வாரத்திலேயே, "இந்தப் பழைய இரும்பையெல்லாம் தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுட்டு, வீட்டையும் வித்துட்டு, நாம ரெண்டு பேரும் வெயில் அடிக்கிற ஊருக்குப் போயிடலாம்க்கா" என்றவள் அவள்தான். நேரே கேட்டால் வெர்னா விற்க மாட்டாள். மறதி வந்துவிட்டது, புத்தி பிசகிவிட்டது என்று அவளையே நம்பவைத்துவிட்டால்? கூடப் பிறந்தவள் செய்வாளா என்று மனசு கேட்டது. புருஷனே இவளோடு ஒத்துவரவில்லையே, என்னதான் நடந்ததோ என்று இன்னொரு பக்கம் கேட்டது. சந்தேகம் வந்துவிட்டால் சாதத்தில் கிடக்கிற சீரகம்கூடப் புழுவாகத் தெரியும். லொரெட்டா இருமினால்கூட, எதற்கு இருமுகிறாள் என்று வெர்னா நின்று கேட்டாள்.

இரண்டு, நான்கு, ஒன்பது ஆகிய மூன்று சாவிகளும் சேர்ந்து காணாமல்போன அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. லொரெட்டா வேலை முடிந்து வந்து, பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டிருந்தாள்.

"பையக் காட்டு."

"என்னது?"

"கைப்பையக் காட்டுடி. என் சாவியெல்லாம் எங்க?"

லொரெட்டா அவளையே பார்த்தாள். பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீப்பு, மிட்டாய்க் காகிதம், ஆறாம் எண் சாவி. வேறு ஒன்றுமில்லை.

"போதுமாக்கா? இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். பின்னாடி ரூம்ல யாரை வச்சிருக்க? நானும் பாக்கறேன், சுவத்துக்கு அந்தப் பக்கம் தினம் ஒரு ஆம்பள இருமுறான். உனக்கு ஆள் இருந்தா சொல்லிட்டுப் போயேன், எனக்கென்ன."

"பேச்ச மாத்தாத. எனக்குப் பைத்தியம்னு பேர் கட்டி வீட்ட விக்கப் பாக்கற. புருஷன் வீட்டையும் இப்படித்தான் கெடுத்துட்டு வந்தியா?"

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது.

லொரெட்டா அழவில்லை. ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று சாவியை ஆட்டிக் காட்டினாள்.

"இத எங்கயாச்சும் தபால் பெட்டியில போட்டுடறேன். செலவுதான் உங்களோடதாச்சே, மேடம்."

கார் கிளம்பி, பின்விளக்குகள் இரண்டும் பனிக்குள் மங்கி மறைந்தன. நில்லுடி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வெர்னா சொல்லவில்லை.

இரவெல்லாம் பனி கொட்டியது. போன் அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. வீடு முழுக்கத் தண்ணீர்க்குழாய்கள் சீறின. லொரெட்டா இல்லை. ஆனாலும் சீறின. ஐஸ் விழுந்தது. பின்னறையில் ஓர் ஆண் இருமினான். நிதானமாக, தன் வீட்டில் இருமுகிறவனைப் போல. வெர்னா நாற்காலியிலிருந்து எழவில்லை. அவளுக்கு இப்போது தெரிந்தது, லொரெட்டா ஒரு சாவியைக்கூடத் தொட்டதில்லை. முகவரியை ஒட்டியது யார்? பன்னிரண்டு அறைகளுக்கும் இதுதான் இடம் என்று கையால் எழுதிக் கொடுத்தது யார்? வந்தவர்கள் வந்தார்கள்.

மறுநாள் பிற்பகல் ஷெரீஃப் அலுவலகத்து கர்ட்டிஸ் வந்தான். சின்ன வயதில் அவளுடைய பேருந்தில் போனவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டதைப் பார்த்ததுமே வெர்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்னா அம்மா, உக்காருங்க. பழைய பாலத்துக்கிட்ட காரு சறுக்கி ஓடைக்குள்ள போயிருக்கு. மேல ஐஸ் மூடிக்கிச்சு, அதனால காலையில வரைக்கும் யாருக்கும் தெரியல." குரல் இறங்கியது. "கையில இதத்தான் இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. இதுல இருந்த விலாசத்த வச்சுத்தான் இங்க வந்தேன். தபால்ல போட மனசு வரல."

பச்சை வில்லை. ஆறு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது.

யாரையாவது துணைக்கு அனுப்பட்டுமா என்று கர்ட்டிஸ் கேட்டதும், வேண்டாம் என்று தான் சொன்னதும், அவன் கார் போனதும் வெர்னாவுக்கு எங்கோ தொலைவில் நடந்தது. அவள் பலகையின் முன் நின்றாள். ஆறாம் எண் கொக்கியின் நுனியில் வளையம் தொட்டது. மாட்டிவிட்டால் முடிந்தது. சாவி தொங்கினால் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். தானே சொன்னதுதான்.

மாட்ட முடியவில்லை. கை இறங்கிவிட்டது.

தையல் அறைக்குப் போனாள். லொரெட்டா விட்டுப்போன பெட்டி கட்டிலடியில் இருந்தது. தலையணையின் நடுவில் சாவியை வைத்தாள். "ரூம் நம்பர் ஆறு, மேடம்," என்றாள். கதவைச் சாத்திவிட்டு அடுக்களையில் உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, நீலமாகி, அணைந்தது.

கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு இருமல். குட்டையாக இரண்டு இருமல். லொரெட்டாவின் இருமல். எதற்கு இருமுகிறாள் என்று வெர்னா கேட்டுக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே நடைக்கு ஓடினாள். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

"லொரெட்டா?"

"அக்கா." குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கொழகொழத்தது. ஆனால் அவள்தான்.

"நான் சொன்னத மன்னிச்சிருடி. நீ ஒண்ணும் பண்ணலடி."

"துண்டு குடுக்கா. நனைஞ்சு கெடக்கேன்."

அலமாரிக்கு ஓடினாள். மிச்சமிருந்தவை இரண்டு. எடுத்துக்கொண்டு வந்து கதவின் முன் நீட்டினாள்.

"ரெண்டு இருக்குடி. கதவத் திற."

"ரெண்டு போதாதுக்கா."

"எத்தனடி வேணும்?"

எங்கோ ஐஸ் விழுந்தது. பக்கத்திலும் விழுந்தது. அதற்கு அடுத்தும்.

"எல்லாருக்கும்."

வெர்னா திரும்பிப் பார்த்தாள். நடையின் அந்தக் கோடியில், வாசல் சுவரில் பலகை தெரிந்தது. பன்னிரண்டு கொக்கிகள். ஒன்றிலும் சாவி இல்லை.

இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் வீட்டு நடையில் மூன்று கதவுகள்தான். வீடு கட்டியதிலிருந்து மூன்றுதான். இப்போது தரையோரம் வெளிச்சக் கீற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. சோப்பு வாசனை. சிகரெட் நாற்றம். ஓடைச் சேறு.

கைப்பிடிகள் திரும்பின.

எல்லாக் கதவுகளும் ஒரு சாண் திறந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஈரக் கை, உள்ளங்கை மேலாக, வெளியே நீண்டு காத்திருந்தது. மிக அருகில் நீண்ட கையை அவளுக்குத் தெரியும். சலவைப் பெட்டி சுட்ட தழும்பு மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

வெர்னாவிடம் இருந்தது இரண்டு துண்டு.