பதினோரு வினாடி

ஒரே ஒரு ஃபைலை அழிக்க ஆள் கூப்பிடுகிறார்களே என்ற எரிச்சலோடுதான் அந்த வீட்டுப் படியேறினேன். பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன். இதெல்லாம் ஒரு வேலையா?

காலை பதினொரு மணி. வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே காயாத துணி வாடை.

வீட்டுக்காரர் ரகசியம் பேசுவதுபோல் பேசினார்.

"என் சம்சாரம் தூங்குறா சார். எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிடுங்க. எங்க பொண்ணு போய் ஏழு மாசமாச்சு. அவ குரல் இதுல இருக்கு. அதைக் கேட்டுக் கேட்டு இவ வாசலைத் திறந்துட்டு ரோட்டுக்கு ஓடுறா. நேத்து லாரிக்காரன் பிரேக் போட்டதால பொழச்சா. இன்னொரு தடவை போனா எனக்குக் கிடைக்க மாட்டா. நகல்கூட மிஞ்சக் கூடாது சார்."

அழிக்கப் பார்த்தேன். ‘இந்த ஃபைல் வேறெங்கோ திறந்திருக்கிறது’ என்றது. எல்லாவற்றையும் மூடினேன். அணைத்துப் போட்டேன். மறுபடி அதே பதில். அட, என்னடா இது!

"எவ்வளவு நீளம் சார் இது?"

"பதினோரு வினாடிதான். ‘அம்மா, கதவைத் திற, நான் வந்துட்டேன்’னு விளையாட்டுக்குப் பேசி வச்சா."

திரையில் நாற்பது நிமிடம் என்றிருந்தது.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது நாற்பத்தொன்று ஆனது.

அந்தக் கம்ப்யூட்டரில் மைக்கே கிடையாது. குனிந்து பின்பக்கம்வரை தேடிவிட்டேன்.

ஹெட்போனை மாட்டிக் கடைசி நிமிடத்தை ஓடவிட்டேன். யாரோ மூச்சு விடும் சத்தம். அப்புறம் என் குரல்.

"எவ்வளவு நீளம் சார் இது?"

அதற்கும் பிறகு, காதோரமாக ஒரு சின்னக் குரல்: "அங்கிள், அழிக்காதீங்க."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். எதையும் அழிக்கும் முன்னால் என் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்வேன். அழிக்கச் சொன்னவர்களே மறுநாள் அழுதுகொண்டு வந்து நிற்பார்கள், பட்ட அனுபவம். அந்தப் பழக்கத்தில் கை தானாக நகல் எடுத்துவிட்டது. பிறகு அழித்தேன்.

இந்தத் தடவை முரண்டு பிடிக்காமல் போனது.

நிமிர்ந்தால் அந்த அம்மா நிற்கிறார்.

"போயிட்டாளா?" என்றார். பிறகு புருஷனிடம், "பசிக்குதுங்க" என்றார். அந்த மனுஷன் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"அவளுக்கு இருட்டுன்னா பயம்ப்பா."

பென் டிரைவ் அந்தப் பையில்தான் இருந்தது. பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தி, அதைக் கல்லால் நசுக்கிச் சாக்கடையில் போட்டேன். ‘அப்பாடா!’ என்றிருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். குழந்தை இல்லை.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. என் மனைவி கண்ணெல்லாம் ஈரமாக, சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஒரு பொண்ணு அம்மான்னு கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுச்சு. திறந்துட்டேன்."

"யாரு? எங்கே?"

"மெதுவாப் பேசுங்க. உள்ளதான் இருக்கா."

பட்டப்பகலில், எங்கள் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.