கூடையின் அடியில்

அவளுக்குப் பத்து வயது. கரையில் எல்லாரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைக் கண்டால் மீன்கூட விறைப்பாகப் படுத்துக்கொள்ளும் என்று அப்பா கேலி செய்வார்.

சனிக்கிழமைதோறும் படகுகள் வந்ததும், கூடைக்குப் பத்து மீன் எடுத்துப் பலகையில் வைத்து அளப்பாள். நீளத்தை நோட்டில் எழுதுவாள். மீனவர் சங்கம் அவளை நம்பிக் கொடுத்த வேலை அது. பலகையில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தொடாத மீன், குஞ்சு. குஞ்சுகள் அதிகமானால், ஆறு கடலில் சேரும் இடத்தில் இரண்டு மாதம் யாரும் வலை போடக்கூடாது. எல்லாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு.

நோட்டில் இதுவரை ஒரு குஞ்சுகூட இல்லை.

ஆனால் ஒரு சனிக்கிழமை மதியம் அம்மா கழுவிய மீன்கள் எல்லாம் விரல் நீளம்தான் இருந்தன.

“இது எந்தப் படகு மீன்மா?”

“நம்ம படகுதான். கூடைக்கு அடியில கிடந்தது. பெரிசை மேல அடுக்கினாதானே வாங்குவாங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வாரமும் மேலே இருந்த பத்து மீனைத்தான் அளந்திருக்கிறாள்!

அப்பா வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பாவின் ஊசி நின்றது. “நம்மது சின்னப் படகு. அந்த இடத்தை விட்டா நடுக்கடலுக்குத்தான் போகணும். அங்க அலை பெரிசும்மா.”

“எனக்கும் பயமா இருக்குப்பா. அதான் உங்ககிட்ட முதல்ல சொன்னேன்.”

சற்று யோசித்தாள். “சித்தப்பா பெரிய படகுக்கு ஆள் பத்தலைன்னு புலம்பறாரே. ரெண்டு மாசம் அவரோட போங்களேன்?”

“அவனோடயா? பாட்டுப் பாடியே மீனையெல்லாம் விரட்டிருவான்!”

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. மறுபடி வலையைத் தைக்கத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இன்னிக்குக் கூடையைக் கொட்டித்தான் அளக்கணும். முதல்ல எங்க அப்பா கூடை.”

கரையே பார்த்தது. அப்பா கூடையைத் தூக்கினார். விரிப்பில் மொத்தமாகக் கொட்டினார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? அளந்துக்கோ.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு பத்து மீனை எடுத்தாள். ஏழு மீன்கள் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. அதை நோட்டில் எழுதினாள். அப்பா அவள் தோளில் கை வைத்தார். பக்கத்துப் படகுக்காரர் மெல்லத் தலையைச் சொறிந்துகொண்டு தன் கூடையையும் கொட்டினார். பிறகு எல்லாரும் கொட்டினார்கள்.

எல்லாக் கூடையிலும் குஞ்சுகள் அதிகம் என்று தெரிந்ததும், ஆறு கடலில் சேரும் இடத்தில் வலை போடுவது நின்றது. அப்பா சித்தப்பாவின் படகில் போனார். ஒவ்வொரு நாளும் அவர் கரையில் கால் வைத்த பிறகுதான் அவள் மனம் ஆறியது.

இரண்டு மாதம் கழித்து, சின்னப் படகு பழைய இடத்துக்குப் போய்த் திரும்பியது.

“ஸ்கேல்! இங்க வா. அடியில இருந்து எடுத்தது.”

அப்பா மீனைப் பலகையில் வைத்தார். வால் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கிடந்தது.

அவள் அந்த நீளத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். சித்தப்பாவின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அப்பா அடுத்த மீனை எடுத்துக் கொடுத்தார்.