எழுபத்திரண்டுக்கு மாறவும்!

"மே டே! மே டே! மே டே!"

கத்தினாள் றினோஸா.

கத்தக் கூடாது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகப் பேச வேண்டும் என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த வகுப்பறைக்குள் தண்ணீர் வரவில்லையே!

இங்கே வந்துகொண்டிருந்தது. கணுக்கால் வரைக்கும்.

"இது டோஹா ஸ்டார்... டோஹா ஸ்டார்... டோஹா ஸ்டார்! ஜிபிஎஸ்ல கோமாரிக்கு நேர் கிழக்க நாலு மைல். போட் தாழுது. நான் ஒராள். கேபினுக்குள்ள மாட்டிக்கிட்டன். கதவ வெளியால பூட்டியிருக்கு! என்ட ஹஸ்பண்டையும் காணல்ல! ஓவர்!"

பொத்தானை விட்டாள்.

இந்தச் சனியன் பிடித்த கருவியில் பொத்தானை அமுக்கினால் வாய் மட்டும்தான். விட்டால்தான் காது.

விட்டாள். காது கொடுத்தாள்.

கர்ர்ர்ர்...

வேறொன்றும் இல்லை.

பின்னேரம் நாலு மணி. சுள்ளென்று வெயில். மருதமுனையில் இந்நேரம் மாணவர்களின் கொப்பி திருத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டியவள். "வா புள்ள, கடல் காத்து வாங்கிட்டு வருவம்" என்று அன்பொழுகக் கூப்பிட்டவன் கணவன் பர்ஸான்.

கத்தாரில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு வந்தவன். ஊரில் எல்லோரும் வேன் வாங்க, அவன் சவாரிப் படகு வாங்கினான். படகுக்கு ரேடியோ. ரேடியோவுக்கு சேர்ட்டிபிக்கட். "ஒனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும், நீயே போய்ப் படி" என்று இவளை இரண்டு நாள் வகுப்புக்குத் தள்ளிவிட்டான். இருபது ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து, சேனல் பதினாறு உயிர் காக்கும் சேனல், அதில் அரட்டை கூடாது, பேசும் முன் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள்.

இன்றைக்கு வெளிக்கிட்டதும் அவன் கையால் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். குடித்தாள். பாதி வாந்தியாக வெளியே வந்தது. தலை சுற்றியது. படுத்தாள்.

விழித்தபோது கால் நனைந்திருந்தது!

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். வட்டக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. தலை போகும், தோள் போகாது.

யா அல்லாஹ்! யாராவது ஏறி வந்து பர்ஸானை அடித்துக் கடலில் போட்டுவிட்டானா?

"மே டே! மே டே!..." 

மறுபடி தொடங்கும்போதே கரகரப்பைக் கிழித்துக்கொண்டு, சிங்களக் கொச்சையில் வந்தது ஒரு குரல்.

"டோஹா ஸ்டார்... டோஹா ஸ்டார்... இது ரோந்துப் படகு. மெசேஜ் கிடைச்சது. வேற யாரும் குறுக்க பேச வாணாம். ஓவர்."

றினோஸாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை!

"சேர்... சேர்! கெதியா வாங்க சேர்! தண்ணி முழங்காலுக்கு வந்திட்டு! என்ட ஹஸ்பண்ட் கடலுக்குள்ள விழுந்திட்டாரோ தெரியா. அவரையும் தேடுங்க சேர்! ஓவர்!"

"நோனா பயப்பட வாணாம். பத்து நிமிஷத்தில நாங்க வாறது. சேனல் எழுபத்திரண்டுக்கு மாறவும். ஓவர்."

மாறினாள். சொன்னதைச் செய்யும் டீச்சர் கை.

"டோஹா ஸ்டார், ரோந்துப் படகு. கேக்குதா?"

"ஓம் சேர். ஓவர்."

"கதவ உடைக்க வாணாம். கண்ணாடியும் உடைக்க வாணாம். உள்ளுக்க பேசாம உக்காந்து இரிங்க. ஓவர்."

உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. திடுக்கிட்டு எழுந்தாள். எழுந்தவளின் மூளையும் அப்போதுதான் எழும்பியது.

எழுபத்திரண்டு...?

வகுப்பில் சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டாளே! ஆபத்திலிருக்கும் படகைப் பதினாறிலிருந்து வேறு சேனலுக்கு நகர்த்தக் கூடாது. பதினாறில்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பதில் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் மரியாதையாக வாயை மூடிக்கொள்வார்கள்.

எல்லோருடைய வாயையும் மூட வைத்துவிட்டு, இவளை மட்டும் தனியாகக் கூட்டி வந்திருக்கிறான் ஒருவன்!

யார் இவன்?

 

சோதித்துப் பார்க்க அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மைக்கை எடுத்தாள். குரலை இனிப்பாக்கினாள்.

"நல்லம் சேர். பெரிய உதவி. அஸ்ஸலாமு அலைக்கும்! ஓவர்."

"வஅலைக்குமுஸ்ஸலாம் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹு!"

ஒரே மூச்சில்! கடைசியை ஒரு இழுப்பு இழுத்து!

வாசலுக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் அந்த இழுப்போடுதான் அவன் பதில் சொல்வான். மூன்று வருடமாகக் குசினி அடுப்படியில் இருந்து கேட்ட இழுப்பு.

"பர்ஸான்...!"

கர்ர்ர்...

"நீங்கதானே? உண்மையச் செல்லுங்க! ஓவர்!"

 சிங்களக் கொச்சையெல்லாம் கழன்று விழுந்த குரல் வந்தது.

"தேத்தண்ணியக் குடிக்கல்லையா நீ?"

"குடிச்சன். சத்தி எடுத்திட்டன்."

"சே!"

ஒரு மனிதன் பெண்டாட்டி உயிரோடு இருப்பதற்குச் சலித்துக்கொண்ட சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? றினோஸா கேட்டாள்.  அவனையும் தேடச் சொல்லிக் கெஞ்சினாளே, ஒரு நிமிடம் முந்தி!

வட்ட ஜன்னலில் முகத்தை ஒட்டினாள். நூறு யார் தூரத்தில் செம்மஞ்சள் ரப்பர் தோணி. அதில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் சின்ன ரேடியோவுடன்... அவள் புருஷன்!

"பின்னால அடைப்பக் கழட்டிட்டன் புள்ள. இன்னும் கால் மணித்தியாலம். நித்திரையிலயே போயிருப்பாய். சும்மா முழிச்சிக்கிட்டுக் கஷ்டப்படுறாய்."

"என்னப் புடிக்கல்லெண்டா தலாக் செல்லியிருக்கலாமே! ஓவர்!"

கொலைகாரனிடமும் ஓவர் சொன்னாள். படித்த பழக்கம்!

"தலாக்கா? செல்லிட்டு? வீடு ஆருட வீடு? ஒன்ட சீதன வீடு! தலாக் செல்லின அடுத்த நிமிசம் நான் பேக்கத் தூக்கிட்டு றோட்டுல நிக்கணும். நீ மௌத்தானாயெண்டா, புள்ளையும் இல்ல, பாதி எனக்கு!"

உண்மைதான். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வருவான். உறவு முறிந்தால் பெட்டியோடு போவான்.

தண்ணீர் இடுப்பைத் தாண்டிவிட்டது. மேல் தட்டில் இருக்கும் பேட்டரிக்கு இன்னும் இரண்டு சாண். அது நனைந்தால் ரேடியோவும் மௌத்து.

யோசி... யோசி றினோஸா!

அவன் எழுபத்திரண்டில் இருக்கிறான். பதினாறில் இல்லை! இவள் பதினாறுக்குப் போனால் அவனுக்குத் தெரியாது... அவன் பேசிக்கொண்டே இருக்கும் வரைக்கும். பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பவனுக்குக் காது இல்லையே!

அவனை நிறுத்தாமல் பேச வைக்க வேண்டும். எதைக் கேட்டால்?

மருதமுனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எதைக் கேட்டால் என்று.

"வீடு என்ட வீடுதான். ஆனா மேல்மாடி நீங்க கட்டினதுதானே... அத நான் ஒருநாளும் மதிக்கல்ல. அதானே ஒங்களுக்குக் கோவம்? செல்லுங்க. ஓவர்."

"செல்லவா? செல்லவா நான்?" வெடித்தான் பர்ஸான். "ஒன்பது வருசம் வெயிலுக்குள்ள நிண்ட காசு! கொங்கிறீட் போட்ட அண்டைக்கு நான் ஒராளா நிண்டு..."

அவள் கை சேனலைத் திருப்பியது. பதினாறு!

"மே டே! டோஹா ஸ்டார்! ரோந்துப் படகெண்டு கதைச்சது பொய்! அது என்ட புருஷன், என்னக் கொல்லப் பாக்கிறார்! கேக்கிற ஆக்கள் எழுபத்திரண்டுக்கு வாங்க! ஒருத்தரும் அதுல கதைக்க வேணாம், அவர் கிறுகித் திரும்பி வந்து என்ன முடிச்சிருவார்! சும்மா கேளுங்க! கெதியா இஞ்ச வாங்க! ஓவர்!"

விட்டாள்.

கர்ர்ர்...

ஒன்று... இரண்டு... மூன்று...

ஒரு மனிதக் குரல் இல்லை. ஒரு "ஓம்" இல்லை. இவ்வளவு பெரிய கடலில் ஒரு ஆளும் இல்லையா, றப்பே?

காத்திருக்க முடியாது. எழுபத்திரண்டுக்குத் திரும்பினாள்.

"...அந்த டைல்ஸ் கொழும்பில இருந்து லொறில வந்தது தெரியுமா ஒனக்கு? ஒரு டைல் உடையல்ல! ஒன்ட உம்மா வந்து என்ன செல்லின? வழுக்குது எண்டு!"

இன்னும் டைல்ஸில்தான் நிற்கிறான். அல்ஹம்துலில்லாஹ்!

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. மைக்கை உயர்த்திப் பிடித்தாள். யாராவது வந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்டால், முதலிலிருந்து கேட்கட்டும்!

"வெட்டி வெட்டிக் கேக்குது. திரும்பச் செல்லுங்க. ஏன் என்னக் கொல்றீங்க? ஓவர்."

"செவிடா நீ? செல்றன் கேள்! தேத்தண்ணில நித்திரைக் குளிசை போட்டது நான். கதவப் பூட்டினது நான். இப்ப என்ன? பாலமுனையில எனக்கு வேறொரு கலியாணம் பேசியாச்சு. முஸ்பிறா. அவட வாப்பா புது வீடு கட்டுறார். அந்த வீட்டுல நான் இருப்பன். ஒன்ட வீட்டுல பாதிய வித்துப் புது எஞ்சின் வாங்குவன். விளங்கிட்டா? இப்ப வாய மூடிட்டுக் கடைசிக் கலிமாவச் செல்லு!"

பொத்தானை விட்டான்.

கர்ர்ர்...

அப்போது கேட்டது. அவனுமல்லாத, அவளுமல்லாத, வெற்றிலை குதப்பும் வாயிலிருந்து வந்த ஒரு கனத்த குரல்.

"மருமகன்..."



"ஆ... ஆரு?" என்றான் பர்ஸான்.

"மீராமுகைதீன். முஸ்பிறாட வாப்பா. பொஞ்சாதிக்குத் தலாக் செல்லி ஆறு மாசம் எண்டீங்களே மருமகன்? தலாக் செல்லினவளையா கடல் காட்டக் கூட்டி வந்தீங்க?"

"மா... மாமா..."

டப்!

ரேடியோ செத்தது. விளக்கு செத்தது. பேட்டரியைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

இனிக் காதும் இல்லை, வாயும் இல்லை. கூரைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் காற்று மட்டும். மூக்கைக் கூரையில் ஒட்டிக்கொண்டு கலிமாவைச் சொன்னாள். அவன் சொல்லச் சொன்னதற்காக அல்ல.

மேலே தடதடவென்று காலடி!

யார்? அவனா? துடுப்பால் அடித்து முடித்துவிட்டுப் போக வந்துவிட்டானா?

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு பிளந்தது. ஒரு கை நீண்டு அவள் முந்தானையைப் பிடித்தது. மீன் நாற்றம் அடிக்கும், தடித்த, கிழட்டுக் கை. உலகத்தில் அதைவிட நல்ல கையை அவள் கண்டதில்லை!

"புடிச்சிக்கோ மகள்! நான் மீராமுகைதீன்!"

பத்து நிமிடம் கழித்து, பாலமுனைப் படகின் மேல்தட்டு.

டோஹா ஸ்டார் இருந்த இடத்தில் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஏழு மீன்பிடிப் படகுகள். நடுவில், ரப்பர் தோணியில் துடுப்புப் போட்டுத் தப்பப் பார்த்த பர்ஸான், இப்போது அதே மேல்தட்டில் நைலோன் கயிற்றில் சுருண்டு கிடந்தான்.

சாரத்தைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய றினோஸா கேட்டாள்.

"பதினாறுல நான் கூப்பிட்டதக் கேட்டுத்தானே எல்லாரும் எழுபத்திரண்டுக்கு வந்தீங்க, மாமா?"

மீராமுகைதீன் தலையைச் சொறிந்தார்.

"பதினாறா? பதினாறுல நாங்க எங்க மகள் இருந்த? விடியச்சாமத்தில இருந்து எழுபத்திரண்டுலதான் இருக்கம். அது எங்கட ஆக்கள்ற தேத்தண்ணிக் கடை! மீன் வில, கலியாணக் கதை, ஊர் வம்பு எல்லாம் அதுலதான். திடீரெண்டு ரோந்துப் படகு எண்டு ஒரு குரல் வந்திச்சு. அரட்டைக்கு ஏசப் போறான் எண்டு பயந்து ஏழு படகும் கப்சிப்! கதை விளங்கி, தூரத்தில ஒரு போட் தாழுறதும் கண்ணுல பட்டதும் சத்தம் போடாம எஞ்சினத் திருப்பிட்டம்."

பர்ஸானின் வாய் பிளந்தது. கண் பிதுங்கியது.

"அப்ப... பதினாறுல...?"

"ஒரு மனுசன் இல்ல மருமகன். நீங்க அங்கயே விட்டிருந்தா இந்தப் புள்ளட சத்தம் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. நீங்களே கையப் புடிச்சு எங்கட கடைக்குள்ள கூட்டி வந்து விட்டீங்க!"

றினோஸா எழுந்தாள். 

"நேரா பொலிசுக்குப் போவம். ஒண்டும் விடாம எல்லாத்தையும் செல்லப் போறன்."

"செல்லுங்க மகள், எல்லாத்தையும் செல்லுங்க!" என்ற மீராமுகைதீன், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஆனா நாங்க பதினாறுல காது வெச்சிருக்கல்ல எண்டத மட்டும் செல்லிராதீங்க... ஏழு படகுக்கும் ஃபைன் அடிச்சிருவானுகள்!"