பச்சைக் கோடு

நைட் டியூட்டி முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது காலை எட்டு மணி. அடைந்து கிடந்த அறையின் வாடை முகத்தில் அடித்தது. நான் நர்ஸ், பகலில் தூங்குகிறவள். என் கணவர் இருந்தவரை, நான் தலை சாய்த்ததும் தன் கம்ப்யூட்டர் சத்தத்தைப் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து மூடிவிடுவார். சட்டென்று நிறுத்தினாலும் எனக்கு விழிப்பு வந்துவிடும் என்பார்.

அவர் போய் மூன்று மாதம்.

நேற்று அந்தக் கம்ப்யூட்டரில் 'சோதனை' என்றொரு ஒலிப்பதிவு கண்ணில் பட்டது. போட்டாலும் சத்தமே வரவில்லை. விண்டோஸ் இல்லையாம், லினக்ஸாம். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. இன்று வந்ததும் தம்பியை ஃபோனில் கூப்பிட்டேன்.

"இது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லக்கா. மேல வலது ஓரத்துல ஸ்பீக்கர் படம் இருக்கா? அதுல பெருக்கல் குறி இருந்தா மியூட். ஒரு தடவை அழுத்து. அப்புறம் கோட்டை இழுத்து நூறுல வை."

இழுத்தேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு. கேக்குதா?"

மைக்கைச் சோதித்திருக்கிறார், மனிதர். பாழாய்ப்போன அந்த நாலு வார்த்தைதான் அவர் குரலென்று எனக்கு மிஞ்சியது. பத்துத் தடவை கேட்டு அழுதேன். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, களைத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்தேன்.

குரல் தேய்ந்தது. எழுந்து பார்த்தால் மறுபடி பெருக்கல் குறி. தம்பியைத் திரும்பவும் ஃபோனில் பிடித்தேன்.

"வேற ஏதோ குறைக்குதுக்கா. சவுண்ட் செட்டிங்ஸ்ல உள்ளீடுன்னு இருக்கும், அதைப் பாரு. பச்சைக் கோடு மைக்கோடது. யாராவது பேசினாத்தான் ஆடும்."

"ஆடுதுடா."

"அது நம்ம பேச்சுதான். கொஞ்சம் பேசாம இரு."

ஃபோனை வைத்தேன். பதிவை மூடினேன். ஃபேனையும் நிறுத்தினேன். கோடு படுத்துவிட்டது.

அப்புறம் எழுந்தது.

மூன்று சின்னக் குதிப்பு. ஓர் இடைவெளி. ஒரு நீளம்.

மியூட்டை எடுத்து நூறுக்குத் தள்ளி, ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

"கேக்கலைங்க," என்றேன் மெதுவாக.

என் சொல்லுக்கு ஒருமுறை கோடு ஆடி அடங்கியது. பிறகு மறுபடி மூன்று குதிப்பு, இடைவெளி, நீளம். இம்முறை கோடு கடைசி வரை போய் முட்டியது. அவர் கத்துகிறார். அறையில் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. இத்தனை பக்கத்தில் இருந்தும் எனக்குக் கேட்கவில்லையே என்று நெஞ்சு வெடித்தது.

எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ, தெரியாது. உட்கார்ந்தபடியே மேசையில் தலை சாய்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. திரையில் நூறு தெரிந்தது.

தொண்ணூறு.

எண்பது.

"நான் தூங்கலைங்க," என்று சொல்வதற்குள் எழுபது ஆகிவிட்டது.