ஒரு பிடி மண்

வேனின் கடைசி ஸீட் நனைந்திருந்தது.

ஏற்காட்டில் மழை பெய்து பதினாறு நாளாகிறது. ராத்திரி கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான் மாதையன் வண்டியைப் பூட்டினார். துணியால் துடைக்கத் துடைக்க ரெக்ஸினிலிருந்து சில்லென்று நீர் ஊறிவந்தது. அதில் அரைத்த மஞ்சளின் வாடை.

விடியற்காலையில் வந்த போனைப் பற்றி மனைவி காளியாயியிடம்கூட அவர் சொல்லவில்லை. பேசியவன் மனுவேல். ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் மகள் சசிகலாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கல்யாணம் செய்தவன்.

"ஏனுங்க, சசி ராத்திரி தவறிட்டாளுங்க. காய்ச்சலுங்க. அப்பன் கையால ஒரு பிடி மண்ணு விழோணும்னு சொல்லிட்டே இருந்தா. வெள்ளக்கடையில நாலு மணிக்கு எடுக்கறோமுங்க."

"எம்மவ செத்து ஆறு வருஷமாச்சு. காரியமும் பண்ணியாச்சு" என்று வைத்துவிட்டார்.

பண்ணத்தான் செய்தார். அவள் போன மூன்றாம் நாள் பங்காளிகளைக் கூட்டி, வைக்கோல் பொம்மைக்கு அவள் தாவணியைச் சுற்றி, மஞ்சள்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, கொல்லையில் குழி வெட்டி, முதல் பிடி மண்ணை அவரே போட்டார். காளியாயியை அழவிடவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை மண் போடும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. இன்றைக்குச் சவாரியை நிறுத்தினால் ஒண்டிக்கடை வேன் ஸ்டாண்டில் நாலு பேர் ஏனென்று கேட்பார்கள். வண்டியை எடுத்தார்.

சுற்றிப்பார்க்க வந்தவர்கள் தூத்துக்குடிக்காரர்கள். கிங்ஸ்டனும் அவர் மனைவி அமலி டீச்சரும். ஏரியைக் காட்டினார், லேடீஸ் சீட் பாறையைக் காட்டினார். பகோடா பாயிண்டுக்குப் போனபோது உச்சிவெயில் நேரத்திலேயே மூடுபனி ஏறிவந்து, சில்வர் ஓக் மரங்களையும் பள்ளத்தாக்கையும் கைப்பிடிக் கம்பியையும் ஒவ்வொன்றாக விழுங்கி, காப்பிப்பூ வாசத்தை மட்டும் மிச்சம் வைத்தது.

"இதைப் பாக்கவா இம்புட்டு தூரம்? வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்துவச்சு முன்னால நின்னிருக்கலாம்" என்றார் கிங்ஸ்டன்.

அமலி டீச்சர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, பின்னால இருக்க பொண்ணு இறங்கலியா?"

"பின்னால யாருமில்லீங்க."

"இருக்காளே. ஈரத்தலையோட. என் கழுத்துல சொட்டிக்கிட்டே வந்துச்சு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பனி அப்படித்தான் சொட்டுமுங்க என்றார்.

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் போகவேண்டும். வேறெங்கும் வளையாத முதுகை அங்கே மட்டும் வளைப்பார். விளக்கெண்ணெயும் வௌவால் புழுக்கையும் பாறையின் ஈரமும் கலந்த அந்த இருட்டில், அவருடைய மூச்சோடு இன்னொரு மூச்சும் இழுத்து இழுத்து வந்தது. காய்ச்சல்காரி மூச்சு. வெளியே வந்ததும் அமலி டீச்சர் கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைக எத்தனை?"

"ஒரே பையனுங்க. திருப்பூர்ல இருக்கறான்."

"பொண்ணு?"

"இல்லீங்க."

முதுகுக்குப் பின்னால், கல்லில், ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று.

மூன்றரைக்கு அவர்களை விடுதியில் இறக்கினார். இறங்கும்போது அமலி டீச்சர் அவருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த முன் ஸீட்டைப் பார்த்து, "வாரேன் தாயி" என்றார்.

தனியாக இருந்தார். எஞ்சினை அணைத்தார். இப்போது கிளம்பினால் வெள்ளக்கடைக்கு நேரமிருந்தது. சாவியில் கை வைத்தார். பக்கத்து ஸீட்டில் சொட்டும் சத்தம். சாவியைத் திருப்பவில்லை. மூன்றே முக்கால். சொட்டு. முன்கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்தது. மூன்று ஐம்பத்தைந்து. அவர் முழங்கையில் ஏதோ சில்லென்று பட்டது. விரல்போல. கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு.

சொட்டு நின்றது. பக்கத்து ஸீட் காய்ந்து கிடந்தது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மானம் தப்பியது என்று நினைத்தார். ஏனோ கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினார்.

வாசலில் விளக்கு போட்டிருக்கவில்லை. கொல்லைப்பக்கம் பேச்சுக்குரல்.

காளியாயி பின்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால்களுக்கிடையில், கீழ்ப்படியில், முதுகைக் காட்டி ஒருத்தி. காளியாயி அவள் ஈரத்தலையை வாரிக்கொண்டிருந்தாள். நீர் வழிந்து படியெல்லாம் சேறு.

"காளி."

"சத்தம் போடாதீங்க. நொம்ப அசந்து வந்துருக்கறா." சீப்பு இறங்கியது, ஏறியது. "அங்க குழியை மூடிட்டாங்களாம். பெத்தவன் கை படாததுல போக வழி தெரியலைங்கறா. நீங்க முன்னயே மண்ணு போட்ட ஊடு இதுதானுங்களே. வேற எங்க போவா?"

அவர் கதவுநிலையைப் பிடித்தார்.

"பேரைச் சொல்லி ஒருக்கா கூப்புடுங்க. போதும்ங்கறா. போயிடுவாளாம்."

வேலிக்கு அந்தப்பக்கம் பங்காளி தனபால் நின்றிருந்தார். அன்றைக்குப் பொம்மைக்குக் குழி வெட்டியவர். இந்தப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதையன் வாயைத் திறந்தார். பேர் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. தனபாலைப் பார்த்தார்.

வாயை மூடினார்.

சீப்பு நின்றது. படியில் இருந்தவளின் தலை திரும்பியது. தோள் அசையவில்லை. தலை மட்டும். மெதுவாக. காது வரவேண்டிய இடத்தில் முடி. கன்னம் வரவேண்டிய இடத்தில் முடி. அவருக்கு நேராக வந்து நின்றது. முடி.

காளியாயி இரண்டு கையாலும் அதை விலக்கினாள். விலக்கினாள். இன்னும் விலக்கினாள்.

"எங்க சாமி," என்றாள், "எங்க கண்ணு உன்ற மொகம்?"