அமலாவுக்கு அவசர அஞ்சலி

போன் அலறியது!

ஸ்ரீபெரும்புதூர், 'தடம் நியூஸ்' அலுவலகம். காலை பத்தே கால்.

தனியாக இருந்த சத்யப்பிரியா எடுத்தாள். பதினோரு வருஷச் செய்திகளையும் விளம்பரங்களையும் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாற்றி, ஒன்பது மணிக்குத்தான் புது சைட்டைத் திறந்து விட்டிருந்தாள்.

"ஹலோ..."

"பென்னலூர் அமலா பேசறேன்..." குரல் நடுங்கியது.

"சொல்லுங்கக்கா."

"ஒரகடத்துலேர்ந்து தங்கச்சி அழுதுகினே லிங்க் அனுப்பிச்சா. உங்க சைட்ல என் போட்டோ போட்டுக்கீதும்மா... நான் செத்துட்டேனாம்!"

சத்யப்பிரியா அஞ்சலிப் பக்கத்தைத் திறந்தாள்.

இருந்தது!

'திருமதி அமலா யாக்கோபு, வயது 36, இன்று காலை 11 மணிக்கு மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மாலை 4 மணிக்கு நல்லடக்கம்.'

பதினொன்றுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது!

பகல் பன்னிரண்டுக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்த விளம்பரம். புது சாஃப்ட்வேர் அந்த நேரத்தை மதிக்கவில்லை. வந்ததும் வராததுமாகக் கடை விரித்துவிட்டது.

"வூட்ல யாருக்கா இருக்காங்க?"

"வூட்டுக்காரருதான். இன்னிக்கு இன்னா அதிசயமோ... லீவு போட்டுட்டு எனக்கு சாத்துக்குடி ஜூஸ் போட்டுக் குடுத்தாரு. இன்னும் குடிக்கல."

சத்யப்பிரியா மணியைப் பார்த்தாள். ஒரு பெண்ணின் உயிர். ஒரே ஒரு வார்த்தை போதும்.

சொன்னாள்.

"குடிச்சிடுங்கக்கா."

"இன்னாம்மா?"

"டெஸ்டிங்குக்குப் போட்டது, தப்பா வந்துடுச்சு. இப்பவே தூக்கிடறேன். நீங்க டென்ஷனாகாம ஜூஸைக் குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க."

போனை வைத்தாள். பாவி சாஃப்ட்வேர்! விளம்பரத்தை அழித்தாள். அமலாவைத் தீர்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள, யாக்கோபுவும் அவளும் இரண்டு மாதமாகப் போட்ட திட்டம்... பன்னிரண்டுக்கு ஊருக்குச் சொல்லி, நாலு மணிக்குப் புதைத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் கண்ணப்பன்! அவருக்குப் பின்னால், போனைப் பிடித்தபடி... அமலா!

"லிங்கைப் பாத்ததுமே எங்களுக்குச் சொல்லிட்டாங்க. கீழ ஜீப்புலேர்ந்துதான் உன்கிட்ட பேசினாங்க," என்றார் கண்ணப்பன். "நீ சொன்னது மொத்தமும் ரெக்கார்ட் ஆயிருக்கு."

"சார்... அந்த விளம்பரத்தை யார் போட்டாங்கன்னே எனக்குத் தெரியாது!"

அவர் தன் போனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினார்.

"பழைய சைட்ல அடியில 'அட்மின்'னு மட்டும் வருமாம். புதுசுல ஏத்தினவங்க பேரே வருது. படி."

'பதிவு: சத்யப்பிரியா.'

சத்யப்பிரியா கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"யாக்கோபு...?"

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுய்யான்னேன். அவனே ஓடிப்போய் ஜீப்புல ஏறிட்டான்."

அமலா அழவில்லை. வரும் வழியிலேயே அழுது முடித்திருந்தாள். பத்து வருஷம் கூட வாழ்ந்தவன் கையால் சாக இருந்தோமே என்ற வலி முகத்தில் அப்படியே இருந்தது. சத்யப்பிரியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. உன் புது சைட்டு சூப்பரா கீது. தொட்டதும் தெறக்குது. பழைய சைட்டா இருந்தா, அது சுத்தி முடிக்கறதுக்குள்ள நான் ஜூஸைக் குடிச்சு முடிச்சிருப்பேன்!"